இசைத்தொகைக்கும் பெயர் வேண்டும்

(விருதுநகரில் தமிழன்பர்களின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் கற்பிப்பவன் ஒருவன் திரையிசை பற்றிப் பேச எழுந்திருக்கின்றானே, இவனையும் திரைப்படப் பித்துப் பற்றிக்கொண்டதோ என்று உங்களுள் சிலர் ஐயுறக்கூடும். ஐயம் வேண்டா. யான் பேச வந்தது திரைப்படத்தைப் பற்றி அன்று. இசையமைப்பாளர் ஒருவரின் திரைப்பாடல்களைத் திரட்டி, ஒரே இசைத்தட்டாகவோ ஒலிநாடாவாகவோ குறுவட்டாகவோ வெளியிடுகின்றார்களே, அத்தொகுப்பின் மேலுறையைப் பற்றியே பேச வந்தேன். மேலுறை சிறிய பொருள்தான். ஆனால் அதன்மேல் பொறிக்கப்படும் பெயர் எத்துணைப் பெரிய பொருள் என்பதை இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஈகி சங்கரலிங்கனாரை அறியாதார் இங்கு யார்? 'தமிழ்நாடு' என்னும் பெயரை இந்நாட்டிற்குச் சூட்டல் வேண்டும் என்பது உள்ளிட்ட 12 கோரிக்கைகளை முன்வைத்து, 1956-ஆம் ஆண்டு இதே விருதுநகரில் 76 நாள் உண்ணாநோன்பு இருந்தார் அப்பெரியார். அவ்வாண்டு அக்டோபர் 13-ஆம் நாள் உயிர் துறந்தார். அவர் கேட்ட பெயர் 1967 சூலை 18-ஆம் நாள் சட்டமன்றத்தில் தீர்மானமாயிற்று. 1969 சனவரி 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கேட்டவர் காணவில்லை, நாம் காண்கின்றோம். 'பெயர் எதுவானால் என்ன, மண் அதே மண்தானே' என்று அன்றும் சொன்னவர் உண்டு. பெயர் போனால் உரிமை போகும் என்று அம்முதியவர் கண்டிருந்தார்.

இக்கருத்தை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு இசைக்கு வருவோம்.

1976-ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' என்னும் படம் வெளிவந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, தம் தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராய்ச் சென்று பாடிய இளைஞர் ஒருவர் அப்படத்தின் வழியே இசையமைப்பாளர் ஆனார். அப்படத்தின் பாடல்களை எழுதிய பஞ்சு அருணாசலமே அவர்க்கு 'இளையராசா' என்னும் பெயரையும் இட்டார். நாற்று நடுவாரும் களை பறிப்பாரும் வாய்விட்டுப் பாடிய மெட்டுகள் திரையில் ஏறின. ஏற்றியவர் நம் மண்ணின் மைந்தர். ஏறியது நம் பாட்டு.

பத்தாண்டு கழித்து, 1986-ஆம் ஆண்டு, அவரே திரைப்படத்திற்கென அன்றித் தனித்த கருவியிசைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். தஞ்சைத் தியாகையர்க்கும் செருமானிய இசைப்பெரியார் பாக்கு என்பார்க்கும் அதனைப் படைத்தார். வி. எசு. நரசிம்மன் என்னும் வயலின் கலைஞர் அதில் முதன்மையாக இசைத்தார். தென்னாட்டுப் பண்ணும் மேலைநாட்டு இசைக்கட்டும் பகையின்றிக் கைகோத்து நடந்த அருஞ்செயல் அது. அதன் பெயர் என்ன? 'அவ் டு நேம் இட்?' 'இதற்கு எவ்வாறு பெயரிடுவது?' என்பது அதன் பொருள். வினாவையே பெயராக்கினார், அவ்வினாவையும் ஆங்கிலத்தில் வினவினார்!

அதன்பின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அத்தொகுப்பின் இசையை 1988-ஆம் ஆண்டு வெளிவந்த தம் திரைப்படத்திற்குப் பின்னணி இசையாகக் கொண்டார் இயக்குநர் பாலு மகேந்திரா. அப்படத்தின் பெயர் 'வீடு'. இரண்டே எழுத்து, தூய தமிழ், குடியிருக்கும் இல்லத்தையும் குறிக்கும், அறம் பொருள் இன்பம் வீடு என்னும் நான்கனுள் இறுதியையும் குறிக்கும். ஆங்கிலப் பெயரோடு அலைந்த இசை இறுதியில் 'வீடு' வந்து சேர்ந்தது. எவ்வாறு பெயரிடுவது என்னும் வினாவிற்கு அதனினும் நல்ல விடை உண்டோ?

இளையராசாவைக் குறைகூறுவது என் கருத்தன்று. அவர் 2005-ஆம் ஆண்டு திருவாசகத்தை அங்கேரி நாட்டு இசைக்குழுவின் துணையோடு பெரிய இசைக்கோவையாக்கியதை மறப்பேனோ? ஆயின் 2025 மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டனில் அரங்கேறிய அவருடைய பல்லியக் கோவைக்கும் 'வேலியண்ட்' என்றே பெயர் அமைந்தது. 'மறவன்' என்றோ 'திண்ணியன்' என்றோ பெயர் வைத்திருந்தால் இலண்டன் மாநகரத்தார் எழுந்து போயிருப்பரோ? செருமானியர் தம் மொழியிலும் இத்தாலியர் தம் மொழியிலும் இட்ட பெயர்களை நாம் நாக்குச் சுளுக்கினாலும் சொல்லப் பழகவில்லையா?

தனித்த படைப்பின் நிலையே இதுவானால், விற்பனைக்கென்று பிறர் கூட்டும் தொகுப்புகளின் நிலையை என்னென்பது! 'இட்சு' என்றும், 'கோல்டன் இட்சு' என்றும், 'பெசுட்டு ஆப்' என்றும் எத்தனை மேலுறைகள்! உள்ளே ஒலிப்பது தமிழ். மேலே ஒட்டியிருப்பது ஆங்கிலம்.

வெளிநாட்டார் செய்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்து நாட்டில் 'பைண்டர்சு கீப்பர்சு' என்று ஓர் இசைத்தட்டு நிறுவனம் உண்டு. அந்நிறுவனம், இளையராசா 1977 முதல் 1983 வரை அமைத்த திரையிசையுள் மின்னிசை மிகுந்த பாடல்களைத் தெரிந்தெடுத்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதற்கு அவர்கள் இட்ட தலைப்பெயர் 'சொல்ல சொல்ல'. தமிழறியாத வெள்ளையர் தமிழ்ச்சொல்லைத் தலையில் தூக்கி வைத்தனர்! செயவென் எச்சத்தின் பின் வல்லினம் மிகும் ஆகலின் 'சொல்லச் சொல்ல' என்றிருத்தல் வேண்டும். உரோம எழுத்தில் ஏறியபோது 'ச்' நழுவிவிட்டது. அந்த ஒற்றுப்பிழையை அவர்க்குப் பொறுத்துக்கொள்வோம்; நம்மவர் சொல்லையே நழுவ விட்டனரே! ஆயினும் அதே மேலுறையின் துணைத்தலைப்பில் 'கோலிவுட்டு' என்னும் சொல்லும் ஏறியிருக்கிறது. கோடம்பாக்கத்தின் தலையை அமெரிக்கத் திரைநகரின் வாலோடு ஒட்டிய அச்சொல்லை அவர்க்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? நாம் அன்றோ!

"ஐயா! இசைக்கு மொழி ஏது? பெயரைப் பற்றி இத்துணைக் கவலை எதற்கு?" என்று இளைஞர் கேட்பர். நல்ல கேள்வி. விடையை வரலாறு சொல்லும்.

நம் முன்னோர் ஏழு பெரும்பாலைகளுக்குத் தமிழ்ப் பெயர் இட்டிருந்தனர். செம்பாலை என்றனர், அதுவே இன்று அரிகாம்போதி. அரும்பாலை என்றனர், அதுவே சங்கராபரணம். கோடிப்பாலை கரகரப்பிரியா ஆயிற்று. மேற்செம்பாலை கல்யாணி ஆயிற்று. விளரிப்பாலை தோடி ஆயிற்று. ஒலியில் பெருமாற்றம் இல்லை; பெயரே மாறியது. பெயர் மாறவே, பெற்ற பிள்ளையைப் பிறர் பிள்ளை என்று தமிழரே நம்பினர். அப்பிள்ளையை மீட்பதற்குத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட வேண்டியதாயிற்று. ஈழத்து விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947-ஆம் ஆண்டு 'யாழ்நூல்' தர வேண்டியதாயிற்று. 1943-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்ற வேண்டியதாயிற்று. ஒரு பெயரைக் கைவிட ஒரு நொடி போதும். அதனை மீட்க மூன்று தலைமுறை உழைத்தாலும் போதவில்லை.

இக்காலத்தில் இவ்விடர் இன்னும் பெரிது. இசையைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, புதிய பாட்டில் ஒட்டிக்கொள்ளும் முறை உலகெங்கும் பரவிவிட்டது. 'தளபதி' படத்திற்கு 1991-இல் இளையராசா அமைத்த பாடலொன்றின் பகுதி, ஈழத்தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த பாடகி ஒருவர் 2007-இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பில் ஒலித்தது. துண்டாகிப் போன இசைக்குத் தாய் யார், தந்தை யார் என்று காட்ட வல்லது அதனோடு செல்லும் பெயர்ப் பொறிப்பு ஒன்றே. அஃதும் இல்லையெனில் அது தாயற்ற பிள்ளை.

பெருமக்களே! இதுகாறும் தொகுப்பிற்கு இடும் பெயரைப் பற்றிச் சொன்னேன். தொகுப்பினுள் இடம்பெற வேண்டிய பெயர்களைப் பற்றி இனிச் சொல்வேன். இதுவே என் உரையின் உயிர்ப்பகுதி.

தொகுத்தல் என்பது தமிழர்க்குப் புதிய கலையன்று. எட்டுத்தொகை என்பதே தொகுப்புகளின் பெயர். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தொகுத்தவர் பெயர் வேறு, பொருள் கொடுத்துத் தொகுப்பித்தவர் பெயர் வேறு, இரண்டும் பொறிக்கப்பட்டன. பாடினார் பெயரும் திணையும் துறையும் காட்டும் குறிப்புகளும் பாட்டோடு வந்தன.

பரிபாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 70 பாடல்களுள் முழுமையாக நமக்குக் கிடைத்தவை 22. உ. வே. சாமிநாதையர் 1918-ஆம் ஆண்டு அச்சேற்றினார். அப்பாடல்களுள் பெரும்பாலானவற்றின் கீழ் மூன்று செய்திகள் உள்ளன: பாட்டு எழுதியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர். எட்டாம் பாடலை எழுதியவர் ஆசிரியர் நல்லந்துவனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் பாலையாழ். பாடலாசிரியர் வேறு, இசையமைப்பாளர் வேறு என்று பிரித்து, இருவர்க்கும் உரிய இடம் கொடுத்த தொகுப்பு ஈராயிரம் ஆண்டுப் பழமை சான்ற இந்நாட்டில் இருந்தது! இன்று கைப்பேசியில் ஓடுகின்ற பாட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இசையமைப்பாளர் இருப்பார், பாடகர் இருப்பார், பாட்டை எழுதியவர் பெரும்பாலும் இரார்.

இன்னும் ஒரு செய்தி. பாடினவர் பெயர் தெரியாதபோது நம் முன்னோர் என் செய்தனர்? 'பெயர் தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போகவில்லை. அப்பாட்டில் மின்னிய தொடரையே எடுத்துப் புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார் என்பதும் அணிலாடுமுன்றிலார் என்பதும் அவ்வாறு பிறந்த பெயர்கள். பெயர் இழந்தவர்க்கும் பெயர் கொடுத்த மரபு இது! நாமோ பெயர் தெரிந்தவர்களையும் பெயரற்றவர் ஆக்கிக்கொண்டிருக்கின்றோம்.

இளையராசாவின் இசையில் இழையோடும் குழலை ஊதியவருள் ஒருவர் நெப்போலியன். அவரே அருண்மொழி என்னும் அழகிய தமிழ்ப்பெயரில் பாடவும் செய்தார். விசைப்பலகைக் கருவியை மீட்டியவருள் ஒருவர் விச்சி மானுவல். அடிக்குரல் கித்தாரை இசைத்தவர் சசிதரன். தாளக்கருவிகளை முழக்கியவர் புருசோத்தமன். இப்பெயர்களை இவ்வவையில் முன்பே அறிந்தவர் எத்தனை பேர்? இவர்கள் விரல் பட்டுப் பிறந்த ஓசை நம் இல்லந்தோறும் ஒலிக்கின்றது. பாடல்களைத் தொகுத்து விற்ற மேலுறைகளில் இவர்கள் பெயரைத் தேடிப் பாருங்கள், கண்வலிதான் மிஞ்சும். யான் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு, விரும்பிய திரைப்பாட்டு ஒன்றைக் குறித்து அதனை ஆக்கினார் அனைவரையும் எழுதிவரப் பணித்தேன். இசையமைப்பாளரை எல்லாரும் எழுதினர். பாடலாசிரியரை எழுதியோர் விரல்விட்டு எண்ணத்தக்கோர். கருவி இசைத்தாரை ஒருவரும் எழுதவில்லை. பிள்ளைகளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. எழுதி வைக்காத பெயரை அவர்கள் எங்கே கற்பர்?

எழுதி வைக்காவிடினும் சொல்லி வைத்த காலம் ஒன்று இருந்தது. தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த முதியோர் இங்கு இருப்பீர்கள். மயில்வாகனனும் அப்துல் அமீதும் போன்ற அறிவிப்பாளர்கள் பாடலுக்கு முன்னோ பின்னோ படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடினோர் என வரிசையாகச் சொல்வர். பரிபாடலின் அடிக்குறிப்பு வானலையில் உயிர்பெற்று வந்தாற்போன்ற வழக்கம் அது. தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டிக்கொண்டே கேட்ட எழுத்தறியாத் தாயும் பாடலாசிரியர் பெயரை அறிந்திருந்தாள்.

பின்னர் ஒலிநாடா வந்தது. 1980-களில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் நம் கடைத்தெருக்களில் இருந்தன. 60 மணித்துளி நாடா, 90 மணித்துளி நாடா என்று வாங்கி, வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பதிந்துகொண்டோம். ஒவ்வொருவரும் ஒரு தொகுப்பாசிரியர்! அப்பட்டியலைத் தமிழில்தான் எழுதினோம். பாட்டின் முதலடியையும் படத்தின் பெயரையும் எழுதினோம். ஆக்கியோர் பெயரை எழுதும் வழக்கத்தை அன்றே விட்டுவிட்டோம்.

இது வெறும் பெருமைச் சிக்கலன்று. வயிற்றுச் சிக்கலும் ஆகும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கு 1977-ஆம் ஆண்டு உச்சநயன்மன்றம் விளக்கம் கூறியபோது, பொருள் கொடுத்துப் பாட்டெழுதுவித்து இசையமைப்பித்த படத்தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிடத்து, முதல் உரிமையாளர் என்றது. 35 ஆண்டு கழித்து, 2012-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் நிலையை மாற்றியது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது நீங்கலாகப் பிற பயன்பாடுகளில் வரும் ஊதியத்தில், பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் ஒத்த பங்கு உண்டு. அவ்வுரிமையைத் தம் வழியினர்க்கும் உரிமைக் கழகத்திற்கும் அன்றிப் பிறர்க்கு எழுதிக் கொடுத்தல் இயலாது. தொகுப்பு விற்பதும் வானொலியில் ஒலிப்பதும் இத்தகைய பயன்பாடுகளே. சட்டம் பங்கு கொடுக்கின்றது. ஆனால் பாட்டை எழுதியவர் இன்னார் என்று எங்கும் பொறிக்கப்படவில்லையெனில், அவர்தம் கைம்பெண்ணும் பிள்ளைகளும் எதைக் காட்டிக் கேட்பர்?

சிவகாசியிலிருந்து வந்திருக்கும் உடன்பிறப்புகளே! பெயர்ப் பொறிப்பின் அருமையை உங்களினும் அறிந்தார் யார்? 1920-களின் தொடக்கத்தில் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு மேலொட்டும் தாள், நீங்கள் 'லேபிள்' என்று வழங்கும் அத்தாள், வேண்டியதாயிற்று. அத்தேவையே அச்சுத்தொழிலை வளர்த்து, நாட்காட்டியும் பொத்தகமும் அச்சிட்டு நாடெங்கும் விடுக்கும் ஊராகச் சிவகாசியை ஆக்கியது. மேலொட்டுத் தாளால் வாழ்ந்த ஊர் அது!

நீங்கள் செய்யும் வெடிகளையே எண்ணிப் பாருங்கள். உள்ளே அடங்கிய வேதிப்பொருள் இன்னின்ன என்பதைப் பெட்டியின்மேல் பொறித்தல் வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு உச்சநயன்மன்றம் ஆணையிட்டது. ஒரு நொடியில் வெடித்துக் கரியாகும் பொருளுக்கு, உள்ளே இருப்பது இன்னது என்று எழுத வேண்டுமாம்; ஐம்பது ஆண்டாக வெடித்துத் தீராத இசைக்கு, உள்ளே இருப்பவர் இன்னார் என்று எழுத வேண்டாவோ?

சிவகாசியில் 1886-ஆம் ஆண்டு பிறந்த விசுவநாததாசு, நாடக மேடையில் நாட்டு விடுதலைப் பாடல்களை முழங்கிப் பன்முறை சிறை சென்றவர். 1940-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் மேடைமீதே உயிர்விட்டவர். அவர் பாடிய பாடல்கள் சிலவற்றை எழுதியவர் மதுரகவி பாசுகரதாசு. பாடியவரை இம்மாவட்டமே மறந்துகொண்டிருக்கின்றது; எழுதியவரை நினைப்பார் அதனினும் சிலர். பெயர் பொறியாத இசைக்கு நேரும் கதி இதுதான்.

ஆகலின் மூன்று பணிகளை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒன்று: தமிழ்த் திரையிசைத் தொகுப்பு எதுவாயினும் தமிழ்ப்பெயர் தாங்கி வருதல் வேண்டும். தமிழில் பெயரிட்ட திரைப்படங்களுக்கு 2006-ஆம் ஆண்டு தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தபோது, ஆங்கிலப் பெயர் சூட்டியிருந்தோரும் தமிழ்ப்பெயர் தேடி ஓடினர். ஆகாதென்றவர்க்கும் ஆயிற்று. படத்திற்கு ஆவது பாட்டுத் தொகுப்பிற்கும் ஆகும். தொகுப்பு வெளியிடுவார்க்கு மடல் எழுதுங்கள். அம்மடலையும் தமிழிலேயே எழுதுங்கள்.

இரண்டு: ஒவ்வொரு பாட்டின் கீழும் அடிக்குறிப்பு வேண்டும். பாட்டின் முதற்சொல், படமும் ஆண்டும், எழுதியவர், இசையமைத்தவர், பாடினோர், கருவி இசைத்தோர், பண் என ஏழு செய்திகள். பரிபாடலைத் தொகுத்தோர் ஓலையில் எழுத்தாணியால் செய்த வேலையை அச்சும் கணிப்பொறியும் கைவரப்பெற்ற நாம் செய்ய மாட்டோமா?

மூன்று: இது மாணவர்க்கு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் கிடக்கும். பழைய தாளென்று எடைக்குப் போடாதீர்கள். மேலுறையில் உள்ள பெயர்களை ஒரு குறிப்பேட்டில் படியெடுங்கள். இல்லாத பெயர்களைக் கேட்டும் தேடியும் எழுதுங்கள். இசைத்த கலைஞர் பலர் முதியோர் ஆயினர். சிலர் மறைந்தும் விட்டனர். அவர்கள் நினைவோடு இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. இவ்வாண்டு நம் பள்ளியில் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கிவிட்டோம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்று தொடங்குமாயின், பத்தாண்டில் தமிழ்த் திரையிசைக்கு நம்பத்தக்க பெயர்க்கோவை ஒன்று உருவாகிவிடும். அரசுப் பொருளும் வேண்டா. ஆன்றோர் பரிந்துரையும் வேண்டா. ஓர் எழுதுகோலும் ஓய்வு நாளும் போதும்.

எவ்வாறு பெயரிடுவது என்று இசைப்பெரியார் ஒருவர் 1986-இல் ஆங்கிலத்தில் கேட்டார். பெயருக்காக ஒருவர் உயிர் கொடுத்த ஊரில் நின்று நாம் அவர்க்குத் தமிழில் விடை கூறுவோம்: ஐயா! தமிழில் பெயரிடுங்கள், உடன் உழைத்தார் அனைவர் பெயரையும் இடுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழிசை!